முதுமைக்கென ஓர் இல்லம்



மகளுக்குத் திருமணம் பேசும்போது அவள் எந்த வீட்டில் வாழப்போகிறாள் என்று பலமுறை விசாரிக்கிறோம். மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் எங்கே தங்குவான், எங்கே உண்பான் என்று கவலைப்படுகிறோம். மறைந்தவர்களை அடக்குவதற்கான கபரஸ்தானுக்கும் ஜமாஅத்தார் இடம் தேடி வைத்திருக்கிறார்கள். ஆனால், அறுபது வயதுக்கும் அந்தக் கபருக்கும் இடையே வல்ல இறைவன் நமக்கு அருளக்கூடிய பதினைந்து, இருபது ஆண்டுகளை எந்த வீட்டில், யாருக்கு அருகில், யாருடைய பெயரிலுள்ள கூரையின்கீழ் கழிக்கப்போகிறோம் என்பதை மட்டும் நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணத் தொடங்கும்போது முழங்கால் தேய்ந்திருக்கும்; வீடு பிள்ளையின் பெயருக்கு மாறியிருக்கும்; தீர்மானிக்கும் உரிமையும் பிறர் கைக்குப் போயிருக்கும்.

நோயுற்றுப் படுக்கையில் கிடப்போரைப் பற்றி இன்று நாம் எழுதவில்லை. தாமே சமைத்து உண்ணவும், தாமே நடந்து பள்ளிவாசலுக்குச் செல்லவும், வங்கிக்குப் போய் ஓய்வூதியப் பணத்தை வாங்கி வரவும் வலுவுள்ள பெரியவர்களைப் பற்றியே எழுதுகிறோம். இத்தகையோரின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்களுள் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதை அடைந்தோர் என்றும், 2031இல் அது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் ஆகியவற்றைக் கடந்ததும் வருவது வேப்பம்பட்டு. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதே காலத்தில் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றில் உழைத்தவர்கள் பலர் இந்த ரயில் பாதை நெடுக மனை வாங்கிக் குடியேறினார்கள். நகரத்துக்குள் அரை மனைக்கும் போதாத பணத்தில் இங்கே ஒரு மனை கிடைத்தது. வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து, மனைவியின் நகையை விற்று, முதலில் இரண்டு அறை, பிறகு ஒரு மாடி என்று சிறுகச் சிறுகக் கட்டினார்கள்.

அத்தகைய ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்துங்கள். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான், அல்லது சென்னையின் மறு கோடியில் வாடகைக்கு இருக்கிறான். மகள் கணவன் வீட்டில். மாடி பூட்டிக் கிடக்கிறது. கீழே பெரியவரும் அவருடைய மனைவியும். 'பிள்ளை பெயரில் எழுதி வைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது' என்று அவர் அடிக்கடி சொல்கிறார். இது ஒருவர் கதையன்று. வேப்பம்பட்டிலும் செவ்வாப்பேட்டையிலும் திருவள்ளூரிலும், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு முடிவாவதற்கு முன் சில உண்மைகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு மனத்தடையை அகற்ற வேண்டியிருக்கிறது. பெற்றோர் தனி வீட்டில் வாழ்வதாகச் சொன்னாலே, 'பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள்' என்று ஊர் பேசும். பெற்றோருக்கு நன்மை செய்வதைத் தன்னை வணங்குவதற்கு அடுத்த கட்டளையாக வைத்து, அவர்கள் முதுமையில் சலிப்பின் மிகச் சிறிய சொல்லையும் விலக்கிய இறைவனின் மார்க்கத்தில், அவர்களைக் கைவிடுவதற்கு இடமே இல்லை. ஆனால், ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூடத்தில் உறங்கினால்தான் அந்தக் கடமை நிறைவேறும் என்று மார்க்கம் சொல்லவில்லை. மனைவிக்குத் தனியே பூட்டும் சாவியும் உள்ள ஓர் இருப்பிடம் தர வேண்டியது கணவனின் கடமை என்று ஹனஃபீ சட்ட நூல்கள் வகுத்துள்ளன. திருமறையின் 'நூர்' அத்தியாயத்தில், எவரெவர் வீடுகளில் தயக்கமின்றி உண்ணலாம் என்று கூறும் 61ஆம் வசனம், தந்தையர் வீடு, தாயார் வீடு, உடன்பிறந்தார் வீடு என்று தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. பிள்ளைகளின் வீடு அந்த வரிசையில் தனியாக இல்லை. பிள்ளையின் வீடு பெற்றோருக்குச் சொந்த வீடே என்பதால், 'உங்கள் வீடுகள்' என்ற சொல்லுக்குள் அது அடங்கிவிட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். வீடுகள் பலவாக இருக்கலாம். கதவு மட்டும் பெற்றோருக்கு என்றும் திறந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

நம் சமூகத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால் அங்கே வயதான தாய் பெரும்பாலும் மகளின் அருகிலேயே இருக்கிறாள். வீடு கட்டும் சுமை தகப்பன் தலையில் விழுகிறது என்ற குறை அந்த வழக்கத்தில் உண்டு. ஆயினும் முதுமையின் தனிமையை அது ஓரளவு தடுத்திருக்கிறது.

பல்லாயிரம் தமிழ் முஸ்லிம்கள் வாழும் சிங்கப்பூரில் இந்தக் கருத்தை அரசே ஏற்று நடத்துகிறது. பெற்றோர் இருக்குமிடத்துக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு 2015 முதல் அரசு உதவித்தொகை தருகிறது. 'அருகில்' என்பதற்கு 2018இல் நான்கு கிலோமீட்டர் என்று எல்லையும் வகுத்தார்கள். அந்நாட்டின் வுட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள 'கம்போங் அட்மிரல்டி' என்ற கட்டிடத்தில் முதியோருக்கான 104 சிறு வீடுகளும், மருத்துவ நிலையமும், உணவுக் கடைகளும், குழந்தைகள் காப்பகமும் ஒன்றாக அமைந்துள்ளன. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் தொடங்கிய மற்றொரு திட்டத்தில், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் தம் வயதுக்கேற்ப 15 முதல் 35 ஆண்டுகள் வரையிலான குத்தகைக்கு மட்டும் வீடு பெறலாம். நூறாண்டுக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. தேவையான ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அத்தகைய அரசுத் திட்டம் நமக்கு இல்லை என்றாலும், அதன் அடிப்படைக் கருத்தை நம் குடும்பத்துக்குள் நாமே நடைமுறைப்படுத்தலாம்.

நம் முன் உள்ள வழிகள் யாவை?

முதல் வழி, இருக்கும் வீட்டிலேயே இருப்பது. பெரும்பாலோருக்கு இதுவே சிறந்தது. ஆனால், நாற்பது வயதில் கட்டிய வீடு எழுபது வயதுக்குப் பொருந்தாது. அதைத் திருத்த வேண்டும். கீழே விழுந்து உயிரிழப்போரில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் அதற்குரிய இடங்கள் குளியலறையும் படியும் ஆகும். வழுக்காத தரை, சுவரில் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி, உட்கார்ந்து எழக்கூடிய மேல்நாட்டுக் கழிப்பிடம், குளியலறை வாசலில் தடுக்கும் மேடு இல்லாமை, இரவில் எரியும் சிறு விளக்கு ஆகியவை ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிடும்போது சொற்பச் செலவே. நாம் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளூச் செய்யும் பழக்கம் முதியவர்களுக்கு ஆபத்தானது. உட்கார்ந்து ஒளூச் செய்ய ஒரு சிறு திண்ணையும் தாழ்வான குழாயும் அமைத்துக் கொடுங்கள். நாள்தோறும் ஐந்து முறை செய்யும் செயலன்றோ!

இரண்டாவது வழி, அதே வீட்டைப் பகுத்துக்கொள்வது. கீழ்த்தளம் பெற்றோருக்கு, மாடி பிள்ளைக்கு. சமையலறையும் வாசலும் தனித்தனி. மருமகளின் சுதந்திரமும் மாமியாரின் கண்ணியமும் இதில் காக்கப்படும். பேரப்பிள்ளைகள் படியிறங்கினால் பாட்டி வீடு. பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் மாடியை வாடகைக்கு விடலாம். அந்த வாடகை பெரியவர்களின் கைச்செலவுக்கு ஆகும். இரவில் ஆபத்து நேர்ந்தால் கூப்பிடு தூரத்தில் ஒரு குடும்பமும் இருக்கும். பூட்டிக் கிடக்கும் மாடியால் யாருக்கும் பயன் இல்லை.

மூன்றாவது வழி, பெரிய வீட்டை விட்டுப் பிள்ளை அல்லது மகள் வாழும் இடத்துக்கு அருகே சிறு வீடு ஒன்றில் குடிபுகுவது. இரண்டு அறை, ஒரு சமையலறை, தரைத்தளம் போதும். இந்த வழியைத் தேர்பவர்கள் வீட்டைவிட இடத்தை அதிகமாக ஆராய வேண்டும். வேப்பம்பட்டு இதற்கு ஒரு பாடம். மலிவான மனை, நல்ல காற்று, சென்னைக்கும் திருவள்ளூருக்கும் ரயில் வசதி எல்லாம் உண்மையே. ஆனால், ஊரை இரண்டாகப் பிரிக்கும் தண்டவாளம் நடுவே கிடக்கிறது. 2023 நவம்பரில் இங்கே தண்டவாளத்தைக் கடந்த ஒரு தந்தையும் அவருடைய இரு மகள்களும் ரயில் மோதி உயிரிழந்த துயரத்தை மறக்க முடியாது. இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், செவி மங்கிய பெரியவர் தண்டவாளத்தின் மறுபுறமுள்ள மருந்துக் கடைக்கு எப்படிப் போவார்? ஆகவே, மனையின் விலையைக் கேட்பதற்கு முன் மருத்துவர், மருந்துக் கடை, காய்கறிக் கடை, பள்ளிவாசல், பேருந்து நிறுத்தம் ஆகிய ஐந்தும் தண்டவாளத்தையோ நெடுஞ்சாலையையோ கடக்காமல் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஃபஜ்ருத் தொழுகைக்கு இருட்டில் செல்லும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்றும் ஒருநாள் விடியலுக்கு முன் நடந்து பாருங்கள்.

நான்காவது வழி, மூத்தோருக்கென்றே கட்டப்படும் ஓய்வுக்காலக் குடியிருப்பு. ஆதரவற்றோருக்கு அடைக்கலம் தரும் முதியோர் இல்லம் வேறு, இது வேறு. இங்கே வாழ்பவர்கள் தம் பணத்தில், தம் விருப்பத்தில், தம் சொந்தக் கதவுக்குள் வாழ்கிறார்கள். பொதுச் சமையலறை, மருத்துவ உதவி, காவல் ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் இதற்குப் பெயர் பெற்ற நகரம். சென்னையை அடுத்த மறைமலைநகர் போன்ற இடங்களிலும் இத்தகைய குடியிருப்புகள் எழுந்துள்ளன. பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு இது ஏற்றதாக இருக்கலாம். இதை இழிவாகப் பேச வேண்டியதில்லை.

ஆனால், பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். நமக்குக் கிடைப்பது சொந்த உரிமையா, குத்தகையா, திரும்பப் பெறும் முன்பணத்தின் பேரில் தங்கும் உரிமை மட்டுமா? மாதக் கட்டணத்தை யார், எந்த அளவுக்கு உயர்த்தலாம்? கட்டியவர் விலகிய பிறகு சேவையை நடத்துபவர் யார்? கணவர் மறைந்தால் மனைவி அதே வீட்டில் தொடரலாமா? நடமாட முடியாத நிலை வந்தால் வெளியேறச் சொல்வார்களா? வாரிசுகள் அங்கே குடியிருக்க முடியுமா, விற்க மட்டுமே முடியுமா? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுபவர், சேவை நடத்துபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. கட்டுபவர் மனை வணிக ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்; 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு அந்தப் பதிவில்தான் இருக்கிறது. நம்மவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இரண்டு உண்டு. இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவ உணவு மட்டுமே தருகிறது. வீட்டில் தனியே சமைத்துக்கொள்ள அனுமதி உண்டா? ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா? ஐவேளையும் பாங்கோசை கேட்டுப் பழகிய காதுக்கு அது இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தும் அந்நியமாகவே தோன்றும்.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். 2007இல் தேசிய வீட்டுவசதி வங்கி வகுத்த நெறிமுறைப்படி, அறுபது வயதைக் கடந்தவர் தம் சொந்த வீட்டை வங்கியில் ஈடாக வைத்து மாதந்தோறும் பணம் பெறலாம். அவரும் அவர் மனைவியும் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டிலேயே வாழலாம். அவர்களுக்குப் பின் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம், அல்லது வங்கி விற்று மிச்சத்தைத் தரும். பார்வைக்கு நல்ல திட்டமே. எனினும், ஆண்டுக்காண்டு வட்டி ஏறும் கடன் இது என்பதால் மார்க்கப் பற்றுள்ளோர் இதிலிருந்து விலகுவார்கள். மாடியை வாடகைக்கு விடுவதும், பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீடு வாங்கி மீதியை நியாயமான தொழிலில் இடுவதும் வட்டி கலவாத வழிகளாகும்.

இனி இந்தக் கட்டுரையின் உயிரான செய்திக்கு வருகிறோம். எந்த வழியைத் தேர்ந்தாலும், வீட்டின் உரிமையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

பிள்ளையின் மீதுள்ள பாசத்தால் வீட்டை ஹிபாவாகக் கொடுத்துவிடும் தகப்பனார்கள் உண்டு. கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றுக்கொள்ளுதல், உடைமையை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா நிலைபெறும். 'என்னைக் காப்பாற்ற வேண்டும்' என்று நிபந்தனை விதித்தால், ஹிபா செல்லும், உரிமையைக் குறைக்கும் நிபந்தனை செல்லாது என்பது ஹனஃபீ சட்டத்தின் பொது விதியாக நம் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டிருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்து ஒப்படைத்த ஹிபாவைத் திரும்பப் பெற ஹனஃபீ மத்ஹபில் இடமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைக்கு அந்த உரிமை உண்டு. தம் மத்ஹபின் சட்டம் எது என்றுகூட அறியாமல் எத்தனை பேர் கையெழுத்திடுகிறார்கள்! ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற பிள்ளைகளை விட்டுவிடுவதோ வேறொரு பிழை. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஒரு கொடையளித்து, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு வேண்டியபோது, மற்ற பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தாரா என்று வினவி, இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள்.

நாட்டின் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனுச் செய்தால், பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை வாழ்க்கைச் செலவு தர உத்தரவிடப்படலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதை மீறினால் அந்தக் கொடையை ரத்து செய்ய அதன் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால், அந்த நிபந்தனை இருந்தது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. முதியோரின் நலனுக்கான சட்டம் என்பதால் அதைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்து, ஒரு தாய்க்கு அவர் கொடுத்த சொத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தது. வழி உண்டு என்பது ஆறுதலே. எனினும், பெற்ற பிள்ளையை எதிரியாக நிறுத்தி வழக்காடித் திரும்பப் பெறும் வீட்டில் எந்தத் தாய்க்கு நிம்மதியான உறக்கம் வரும்? கொடுக்காமல் வைத்திருந்தால் வழக்கே இல்லை. நமக்குப் பின் அந்த வீடு, இறைவன் வகுத்த பங்கின்படி, யாரும் எழுதி வைக்காமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். இப்போதே துன்பத்தில் இருக்கும் முதியோர் 14567 என்ற எண்ணில் கட்டணமின்றி உதவி கேட்கலாம்.

உரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது தாயை. கணவர் முந்திவிடும் குடும்பங்களே நம்மிடையே மிகுதி. கணவர் பெயரில் மட்டும் இருக்கும் 40 லட்சம் ரூபாய் பெறுமான வீட்டை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பெற்றோர் இல்லை. மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். கடனும் செலுத்தாத மஹரும் தீர்ந்த பிறகு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 5 லட்சமும், மகன்களுக்குத் தலா 14 லட்சமும், மகளுக்கு 7 லட்சமும் சேரும். பங்கீடு நியாயமானதே, தாயைக் காக்கும் கடமையைப் பிள்ளைகளின் தோளில் சுமத்திய பிறகே மார்க்கம் அவ்வாறு வகுத்தது. ஆனால், அந்தக் கடமையை மறந்து பங்கை மட்டும் நினைக்கும் பிள்ளை ஒருவன் வீட்டை விற்கச் சொன்னால், தாய் 5 லட்சத்தோடு தெருவில் நிற்பாள்.

அதே வீட்டில் சரிபாதி, கணவர் வாழும்போதே மனைவியின் பெயரில் இருந்திருந்தால்? அவளுடைய 20 லட்சம் அவளுக்கே உரியது. கணவரின் பாதியில் எட்டில் ஒன்றாக இரண்டரை லட்சமும் சேரும். வீட்டில் பாதிக்கு மேல் அவளுடையது. எவரும் அவளை எழுப்பிவிட முடியாது. இது வாரிசுகளை ஏமாற்றும் தந்திரமாகிவிடாதா என்று சிலர் தயங்கலாம். அந்த வீடு எழும்ப அவளுடைய நகை விற்கப்பட்டதா, அவளுடைய மஹர் கொடுபடாமல் நிற்கிறதா, அவளுடைய சிக்கனத்தில் எத்தனை மூட்டை சிமெண்டு வந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அவளுக்குத் தர வேண்டிய பாக்கியைத்தான் தருகிறோம். புதிதாகச் சிறு மனை வாங்குவோர் தொடக்கத்திலேயே அவள் பெயரையும் சேர்த்துப் பதியலாம். மரண நோயில் கொடுக்கும் கொடைக்கு மார்க்கச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆதலின், இதை உடல் நலத்தோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். நாம் கூறுவது பொதுக் கருத்தே. கையெழுத்திடுமுன் ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலைச் சுற்றிக் கடைகள் கட்டி வாடகைக்கு விடுகிறோம். சட்டமும் வக்ஃபின் நோக்கமும் இடம் தரும் ஊர்களில், அதன் அருகே தரைத்தளத்தில் நான்கு சிறு வீடுகள் கட்டி, பிள்ளையில்லாத தம்பதியருக்கும் தனித்து வாழும் விதவைத் தாய்மாருக்கும் குறைந்த வாடகைக்குத் தந்தால் என்ன? இது புதுமை ஒன்றும் அன்று. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெய்ரோவில், சுல்தான் பைபர்ஸின் மகள் பெண்களுக்கென்றே ஓர் 'ரிபாத்' நிறுவினார். விதவைகளும் மணமுறிவு பெற்றவர்களும் முதிய பெண்களும் அங்கே கண்ணியத்தோடு வாழ்ந்தார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணிக்குத் தோன்றியது நமக்குத் தோன்றக் கூடாதா?

வாசகப் பெரியவர்களே! அடுத்த முறை பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் கூடும்போது, உணவுக்குப் பின் அவர்களை உட்கார வைத்து நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். எங்கே வாழ விரும்புகிறோம், எது நம்மால் முடியும், வீடு யார் பெயரில் இருக்கும், ஒருவர் மறைந்தால் மற்றவர் நிலை என்ன என்ற நான்கையும் வெளிப்படையாகப் பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். மகளையும் மருமகளையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே! பெற்றோர் இதைப் பேசினால், 'எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கோபிக்காதீர்கள். தம் வீட்டின் சாவியைத் தம் இடுப்பில் வைத்திருக்கும் தாய்தான் உங்கள் பிள்ளைகளுக்கு மனங்குளிர விருந்து வைக்க முடியும்.

முதுமையின் வாசலில் நிற்போருக்கெல்லாம் நிம்மதியான ஓர் இல்லத்தையும், அதன் அருகிலேயே அன்புள்ள பிள்ளைகளையும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.